ஆற்றுக்கு பேலன்ஸ் ஷீட் போடலாமா?

போன வருடம் ஏப்ரல் மாதம் எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கோடை விடுமுறையில் ஒரு மாதம் நொய்யல் ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சிப் பயிற்சி. மாணவர்களும் சேரலாம், ஆசிரியர்களும் சேரலாம். திருப்பூரில் பிறந்து நொய்யல் பாலத்தைத் தாண்டித் தாண்டியே வளர்ந்தவன் என்பதால் ஆசையாகப் பெயர் கொடுக்கப் போனேன். பொறுப்பில் இருந்த வேதியியல் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏந்தம்பி, பி.காம். பையனுக்குத் தண்ணி டெஸ்ட்டு எதுக்கு? ஆத்துக்கு பேலன்ஸ் ஷீட் போடப் போறியா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அறிவியல் துறையினருக்கு மட்டும் என்று தாளின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். (தப்பு என் மேல்தான். தள்ளுபடி விளம்பரத்தில்கூட நான் நிபந்தனைகளைப் படிப்பதில்லை :-))

ஆனால் சார் கேட்ட கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஆற்றுக்கு பேலன்ஸ் ஷீட் போட முடியாதா என்ன? தேடிப் படித்தபோது தெரிந்தது, ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள்!

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹப்பர்ட் புரூக் என்று ஓர் ஆராய்ச்சிக் காடு இருக்கிறது. 1963-ல் அங்கே விஞ்ஞானிகள் ஆரம்பித்த வேலை, பி.காம். முதலாண்டு மாணவனுக்குச் சொன்னால் உடனே புரியும். ஒரு சின்ன ஓடையையும் அதற்குத் தண்ணீர் தரும் மலைச்சரிவையும் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டார்கள். மழையோடு என்னென்ன வருகிறது என்பது வரவு. ஓடை வழியாக என்னென்ன வெளியே போகிறது என்பது செலவு. இரண்டையும் வருடக்கணக்கில் எழுதிக்கொண்டே வந்தார்கள். அந்தக் கணக்கில்தான் அங்கே பெய்வது அமில மழை என்பது பிடிபட்டது. நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களின் கந்தகப் புகைதான் முக்கியக் காரணம்.

அதற்கு அவர்கள் எடுத்த நடவடிக்கை இன்னும் சுவாரஸ்யம். 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தினார்கள். மொத்தம் இவ்வளவு கந்தகப் புகைதான் விடலாம் என்று உச்சவரம்பு வைத்து, அந்த அனுமதியை மின் நிலையங்கள் தங்களுக்குள் வாங்கி விற்கலாம் என்றார்கள். 1995-ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. புகையைக் குறைத்தவர் மிச்ச அனுமதியை விற்றுக் காசாக்கலாம். பிறகு வந்த ஆண்டுகளில் கந்தகப் புகை பெருமளவு குறைந்தது. நோயைக் கண்டுபிடித்தது வேதியியல் என்றால், மருந்து எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்து போயிருக்கிறது!

இப்படிப்பட்ட ஆராய்ச்சி நிலையங்களுக்குக் கோடையில் கல்லூரி மாணவர்களை அனுப்புவதற்கென்றே அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987-ல் ஒரு திட்டம் தொடங்கியது. சுமார் பத்து வாரம். உதவித்தொகையும் உண்டு. ஆசிரியர்களுக்கும் இதே மாதிரி தனியாக ஒரு திட்டம் வைத்தார்கள். நம் நாட்டிலும் பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்து வந்திருக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் பெயரிலேயே தெரிகிறதே, அது அறிவியல் படிப்பவர்களுக்கு. அதில் தப்பில்லை. ஒரு ஊரின் ஆற்றைப் பற்றிய பயிற்சியும் அதே மாதிரி இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊர்க் கதையைப் பாருங்கள். ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்டது. கடைசியில் அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. அணையைத் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகளே, தண்ணீர் விடாதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது நான் ஒன்றாம் வகுப்பு. அப்பா ஒரு சாயப்பட்டறையில் சூபர்வைசர். பல மாதம் வீட்டில்தான் இருந்தார். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சிக்கு, ஆற்றுக்குக் கீழே இரண்டு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் உப்பாகித் தென்னை காய்ந்தது. பட்டறையை மூடியது சரி என்று அப்புச்சி சொல்வார். அப்பா பதில் பேசாமல் எழுந்து போய்விடுவார். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட மாட்டார்.

அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு ஒன்று தெரியும். தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று யாரும் சண்டை போடவில்லை. நாக்கில் வைத்தாலே தெரியும். அதைச் சுத்தம் செய்ய லிட்டருக்கு எவ்வளவு ஆகும், அந்தச் செலவு பட்டறைக்காரருக்கா, பனியன் கம்பெனிக்கா, வெளிநாட்டில் சட்டை வாங்குகிறவருக்கா என்பதுதான் சண்டை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. சரி, எவ்வளவு? அதை யாராவது கணக்குப் போட வேண்டாமா?

சேர்த்திருந்தால் நான் செய்திருக்கக்கூடிய வேலை இதுதான். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்ற நிறைய உப்புப் போடுவார்கள். சாயம் துணியில் ஏறுவதற்கு உப்பு உதவும், ஆனால் உப்பு துணியில் தங்காது. கிட்டத்தட்ட முழுவதும் கழிவுநீரோடு வந்துவிடும். ஆக, ஆரம்ப இருப்பு, கூட்டு கொள்முதல், கழி இறுதி இருப்பு. வந்த விடை, அந்த வருடம் பயன்படுத்திய உப்பு. சுத்திகரிப்பு நிலையத்தில் மீட்ட உப்பையும் அங்கே குவிந்து கிடக்கும் கழிவு உப்பையும் அதிலிருந்து கழியுங்கள். மிச்சம் எங்கே? ஆற்றில் உப்பு கூடியிருக்கிறதா என்று அறிவியல் மாணவன் அளந்து சொல்வான். எந்த நோட்டில் உப்பு குறைகிறது என்று நான் சொல்வேன். இரண்டும் சேர்ந்தால்தான் கேள்விக்கு விடை.

"பிப்பெட் பிடிக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, இருக்கிற இடமே கொஞ்சம்" என்று கேட்கலாம். நியாயம்தான். பத்து பேர் குழுவில் ஒரே ஒரு இடம் போதும். தண்ணீர் மாதிரி எடுக்க எங்களுக்கும் சொல்லிக் கொடுங்கள், லெட்ஜர் படிக்க நாங்கள் சொல்லித் தருகிறோம். முதல் 1000 பெரிய பட்டியலிட்ட நிறுவனங்கள் தண்ணீர், கழிவு விவரங்களை அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. நாளைக்கு அந்த அறிக்கையில் உட்காரப்போவது எங்களைப் போன்றவர்கள்தான். ஆற்றையே பார்க்காமல் எழுதினால் அந்த எண்களை யார் நம்புவது?

மாணவனைவிட ஆசிரியருக்கு இது இன்னும் அவசியம் என்பேன். உச்ச நீதிமன்ற உத்தரவால் சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலைப் படிப்புக்கும் கட்டாயப் பாடம். எங்களுக்கு அதை எடுத்தவர் வணிகவியல் மேடம்தான். நன்றாக நடத்துவார். ஒரு நாள் அவரே சொன்னார், "நானே நொய்யல்ல எறங்கிப் பாத்ததில்லப்பா, புக்குல இருக்கறதச் சொல்றேன்." ஒரு மாணவன் பயிற்சிக்குப் போனால் ஒருவன் கற்றுக்கொள்வான். அந்த மேடம் போனால் வருடத்துக்கு அறுபது பேர் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று, உதவித்தொகை கொடுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் கோடையில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போய்த்தான் அடுத்த வருட ஃபீஸ் கட்டுகிறார்கள். சும்மா வா என்றால் வசதியுள்ளவன் மட்டும்தான் வருவான்.

இந்த முறை சாரிடம் திரும்பக் கேட்கலாம் என்றிருக்கிறேன். மேடமும் கூட வருகிறேன் என்றிருக்கிறார். "ஆமாங் சார், பேலன்ஸ் ஷீட்தான் போடப் போறோம்" என்று சொல்ல வேண்டும். சிரிப்பாரா, சேர்த்துக்கொள்வாரா தெரியவில்லை.

உங்கள் கல்லூரியில் எப்படி? சொல்லுங்கள் நண்பர்களே.