ஒரே கார், மூன்று எஞ்சின்கள்



பழைய கார் வாங்கச் செல்லும் நாம், நிறத்தைப் பார்க்கிறோம். இருக்கைகளைத் தடவிப் பார்க்கிறோம். விலையைப் பேசிக் குறைக்கிறோம். எஞ்சினைப் பற்றி மட்டும் “டீசல்தானே?” என்று கேட்டுவிட்டு மனநிறைவு அடைகிறோம். டீசல் என்றால் சிக்கனம் என்பது நம் உள்ளத்தில் ஊறிப்போன எண்ணம். அது இன்றைக்கும் பொருந்துமா?

நம் தெருக்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்டை எடுத்துக்கொள்வோம். 2005ஆம் ஆண்டு இந்தியாவில் அறிமுகமாகி, 2011இல் அடுத்த தலைமுறைக்கு இடம்விட்ட சிறிய கார் இது. வெளித்தோற்றம் ஒன்றாயினும், உள்ளே மூன்று விதமான எஞ்சின்கள் வந்துள்ளன.

முதலாவது 1298 சி.சி. பெட்ரோல் எஞ்சின். உறுதியானது, மெக்கானிக்குகள் நன்கறிந்தது. இதன் டைமிங் பெல்ட்டைக் குறித்த தொலைவுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். விடை கிடைக்காவிட்டால் அச்செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, 2007இல் வந்த 1248 சி.சி. டீசல் எஞ்சின். ஃபியட் நிறுவனத்தின் மல்டிஜெட் வகை. 75 குதிரைத்திறனே ஆயினும், டர்போவின் துணையால் பாரத்தை இழுப்பதில் வல்லது.

மூன்றாவது, 2010இல் வந்த 1197 சி.சி. பெட்ரோல் எஞ்சின். 1200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார்களுக்கு 2006ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. எஞ்சின் சிறுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி உண்டு. ஆகவே பெல்ட் மாற்றும் செலவு இல்லை.

இனி டீசல் கணக்குக்கு வருவோம். அக்கார் புதிதாக விற்ற நாட்களில் டீசல் விலை அரசின் கட்டுப்பாட்டில் இருந்தது. பெட்ரோலைவிட மிக மலிவு. 2014 அக்டோபரில் அக்கட்டுப்பாடு நீங்கியது. அந்தப் பழைய இடைவெளி இன்று இல்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கும் மதரஸாவுக்கும் விடுவதற்கும், வெள்ளிதோறும் உறவினர் வீட்டுக்குப் போய்வருவதற்குமாக மாதம் 300 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் 20 லிட்டர் குடிக்கும். 18 கிலோமீட்டர் தரும் டீசல் கார் ஏறத்தாழ 17 லிட்டர் குடிக்கும். மிச்சம் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். வயதான டீசல் எஞ்சினில் இன்ஜெக்டரோ டர்போவோ பழுதானால், பல மாதங்களாகச் சேர்ந்த அம்மிச்சம் ஒரே நாளில் கரைந்துவிடும். மாதம் 1500 கிலோமீட்டர் ஓட்டும் வியாபாரிக்கோ கணக்கு வேறு. அவருக்கு டீசலே ஏற்றது.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் சி.சி. அளவும் வண்டியோடு ஒத்துள்ளனவா எனப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில் முடுக்கச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிவிட்ட இக்காலத்தில், பழைய பெட்ரோல் கார்களின் ரப்பர்க் குழாய்களையும் சோதிப்பது நலம்.

அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காக நாமும் வாங்குவது அறிவுடைமை ஆகாது. நம் குடும்பம் மாதம் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்கிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். எந்த எஞ்சின் உங்களுக்குரியது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.