கடற்கரையில் ஒரு சோளக் கதிர்

தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி என்பர். அருகிலிருக்கும் பச்சையைக் காட்டித்தரச் சில வேளைகளில் தூரதேசம் போய் வந்தவர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் கல்முனையிலிருந்து காரைதீவுக்குத் திரும்பும் வழியில், சற்றுக் காற்று வாங்க எண்ணிச் சாய்ந்தமருதுக் கடற்கரையில் இறங்கினேன். மணலோரம் ஒரு தள்ளுவண்டி நின்றது. ஒருபுறம் பெரிய பாத்திரத்தில் சோளக் கதிர்கள் ஆவி பறக்க வெந்துகொண்டிருந்தன. மறுபுறம் கரியடுப்பில் சில கதிர்கள் சுடப்பட்டன. வண்டிக்காரர் தேசிக்காய்ப் பாதியை உப்பிலும் மிளகாய்த் தூளிலும் தோய்த்து, சுட்ட கதிரில் அழுத்தித் தேய்த்து என்னிடம் நீட்டினார். புளிப்பும் உறைப்பும் இனிப்பும் கலந்த அச்சுவையை எழுதிக் காட்ட இயலாது.

அருகே நின்ற இளைஞர் வணக்கம் கூறினார். முன்னர் என்னிடம் கல்வி பயின்றவர். இப்போது கட்டாரில் தொழில் செய்து, விடுமுறையில் வந்திருக்கிறார். “சேர், இதையே அங்கே ஒரு வண்டியில வைத்து விக்கிறாங்க. மெக்சிக்கோச் சாப்பாடாம், எலோத்தே என்று பேர். மேலே பாற்கட்டியும் தூவித் தருவாங்க. விலையைக் கேட்டால் தலை சுத்தும். ஒரு கடி கடிச்சதும் எனக்கு இந்தக் கடற்கரைதான் ஞாபகம் வந்திச்சு” என்றார்.

வண்டிக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “மெக்சிக்கோவா? இது மகாஓயாச் சேனையில விளைஞ்ச சோளன் தம்பி!”

இருவர் கூற்றும் மெய்யே. நம் முன்னோர் நெடுங்காலம் பயிரிட்ட சோளம் வேறு, இது மக்காச்சோளம். ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன், தென் மெக்சிக்கோவின் பல்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்னும் காட்டுப் புல்லிலிருந்து உருவாக்கப்பட்டது. அப்புல்லின் கதிரில் கல்லொத்த ஓடு மூடிய பத்துப் பன்னிரண்டு மணிகளே இருக்கும். தலைமுறை தலைமுறையாக நல்ல மணியைத் தெரிந்து விதைத்த உழவர்களே அதைக் கைந்நிறைந்த கதிராக்கினர்.

மிளகாயும் அந்நாட்டுச் செல்வமே. 1492 இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அது கடல் கடந்தது. கீழைநாடுகளுக்கு அதைக் கொணர்ந்தவர் போர்த்துக்கேயர். அதுவரை நம் கறிகளுக்கு உறைப்பூட்டியது மிளகு. ஆதலாற்றான் புதிதாக வந்த காய்க்கு மிளகாய் என்று பெயரிட்டோம்.

தேசிக்காயோ எதிர்த் திசையிற் பயணம் செய்தது. ஆசியாவிற் பிறந்து, அராபியர் வழியாக மத்தியதரைக் கடல் நாடுகளை அடைந்து, ஸ்பானியருடன் மெக்சிக்கோவுக்குச் சென்றது. இன்று அந்நாட்டார் பலர் அதைப் பிழிந்தே கதிரை உண்கின்றனர். ஆக, அவர்கள் நமக்குக் கதிரும் மிளகாயும் தந்தனர். ஆசியா அவர்களுக்குத் தேசிக்காய் தந்தது. என் கையிலிருந்த ஒரு கதிரில் இரு கண்டங்கள் சந்தித்திருந்தன.

இவ்வளவு தூரம் கடந்து வந்த பண்டத்தை ஐயமின்றி உண்ணும் நாம், அடுத்த ஊரார் கையால் உண்ண ஏன் தயங்குகிறோம்? 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரிலே, முஸ்லிம் ஒருவரின் உணவுக் கடையில் மலட்டு மாத்திரை கலந்து விற்பதாக வதந்தி கிளம்பிற்று. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்தபோது அது வெறும் மாவுக்கட்டி என்று தெரியவந்தது. உண்மை வெளிவருமுன் கண்ணாடிகள் நொறுங்கிவிட்டன.

மற்றவரைக் குறைகூறி நான் தப்பிக்க விரும்பவில்லை. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளுக்குப் பின், 26 ஆம் திகதி இதே சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் மறைந்திருந்தோர் பிள்ளைகளையும் சேர்த்துத் தம்மை வெடிக்கவைத்து மாண்டனர். அவ்வீட்டின் மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் இவ்வூர் மக்களே. அஃதறிந்தும், வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையைப் பல மாதங்கள் பாராமுகமாகக் கடந்து சென்றேன். என்னை எவரும் தடுக்கவில்லை. என் மனமே தடுத்தது. படித்தவன் என்ற பெயர் அந்நாட்களில் எனக்கு உதவவில்லை.

மாணவர்களே! இன்றிரவு உங்கள் கோப்பையிலுள்ள ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று வீட்டிலே விசாரித்துப் பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாசி யாவும் ஒருகாலத்தில் அந்நியப் பொருள்களே. அவற்றை முதன்முதல் வாயில் வைத்த நம் பாட்டன் பாட்டியர் அயலாரை நம்பியிராவிட்டால், நம் அடுக்களை எவ்வளவு வறியதாயிருக்கும்!

புறப்படும்போது வண்டிக்காரர், “பிள்ளைகளுக்கும் ரெண்டு கொண்டு போங்க சேர்” என்று காகிதத்தில் சுற்றித் தந்தார். அவற்றிற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வீட்டில் மனைவி, “எங்கே வாங்கினீங்கள்?” என்று கேட்டாள்.

“சாய்ந்தமருதுக் காக்கா ஒருவர் தந்தார்” என்றேன்.

“நல்ல பால் கதிர்” என்றவள், தனக்கும் பாதி முறித்துக்கொண்டாள்.