மத்தாப்பூ வாஷ்!

1/ வாங்க மக்களே! சிவகாசி ஸ்பெஷல் 'மத்தாப்பூ வாஷ்'! ஒரே வாரத்துல அந்தரங்கம் பளபளக்கும். யாரு பார்க்கப் போறா? அதெல்லாம் கேட்கக்கூடாது.

2/ சிரிக்காதீங்க. 'க்ளீன் அண்ட் ட்ரை'னு அந்த இடத்தைச் சிவப்பாக்குற வாஷுக்கு 2012-ல டிவியிலேயே விளம்பரம் வந்துச்சு.

3/ பெண்ணுறுப்பு உள்ளே தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். அங்கே இருக்கும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா அமிலத்தன்மையைக் காத்து, கெட்ட கிருமிகளைத் தடுக்கும். வாசனை வாஷ் ஊற்றினால் அந்தக் காவல்தான் கெடும். வெளியே கழுவ வெறும் தண்ணி போதும்.

4/ பட்டாசு ஆலை அக்காக்களுக்கு வேண்டியது கழிப்பறை. அது இல்லாத இடத்துல தண்ணி குடிக்காம, சிறுநீரை அடக்கி வச்சா நீர்க்கடுப்புதான் வரும். சாப்பிடும் முன்னாடி கையில ஒட்டுன அலுமினியப் பவுடரைக் கழுவவும் தண்ணி வேணும்.

5/ கழிப்பறை, கை கழுவ வசதி ரெண்டும் 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதியாச்சு. முதலாளி அண்ணாச்சி, பளபளப்பு வெடியில இருந்தா போதும். முதல்ல குழாயில தண்ணி வரட்டும்!