கடைக்காரர் கஷ்டமும் பூசணிக்காயும்



அமாவாசை வந்தால் நமது கடைவீதிகளில் நடக்கும் காட்சியை அறியாதவர்கள் இருக்க முடியாது. மளிகைக் கடை, ஜவுளிக் கடை, மருந்துக் கடை என்கின்ற பேதமில்லாமல் வாசலுக்கு வாசல் பூசணிக்காயைக் குடைந்து, குங்குமத்தை நிரப்பி, கற்பூரம் கொளுத்திச் சுற்றி, நடு ரோட்டில் போட்டு உடைக்கிறார்கள். சாம்பாருக்கு ஆக வேண்டிய காய், போகிறவர் வருகிறவர்களை வழுக்கி விழச் செய்வதற்கே பயன்படுகிறது. இதெல்லாம் எதற்கு என்றால், "வியாபாரம் படுத்துவிட்டது, கண் பட்டுவிட்டது" என்கிறார்கள்.

வியாபாரம் படுத்துவிட்டது என்பதை நாம் மறுக்கவில்லை. கண் பட்டுத்தான் படுத்தது என்பதையே மறுக்கின்றோம்.

கணக்குக்காக ஒரு சிறு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 6,000 ரூபாய் விற்பனை, நூற்றுக்குப் பத்து லாபம் என்று தாராளமாகவே வைத்தாலும் மாதம் 18,000 ரூபாய் ஆகிறது. இதில் வாடகை 7,000, மின்சாரம் 2,500, முதலுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி 2,000 போனால் மிச்சம் 6,500. இதற்காகக் கடைக்காரர் விடியற்காலம் முதல் இரவு பத்து மணி வரை நிற்க வேண்டும். அவர் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் கல்லாவில் உட்காருவது அவரது மனைவி. அந்த அம்மாளின் உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் கூலி எழுதுவதில்லை. எழுதினால் கடை நஷ்டத்தில் நடக்கிறது என்பது தெரிந்துபோகும். இந்தக் கணக்கில் சனிப்பெயர்ச்சி எந்த வரியில் நுழைகிறது என்று சோதிடர்கள் காட்டட்டும்!

வாடகையை ஏற்றியவர் கட்டடக்காரர். கடைகளுக்கான மின்சாரக் கட்டணத்தை 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருஷங்களிலும் ஏற்றியது மனிதர்கள் கூடிய ஆணையம். குளிர்பானக் கம்பெனிக்காரன் கண்ணாடிக் கதவு போட்ட பெட்டியை இனாம் போல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறான். அது இராப்பகலாய் ஓடுவதற்கு மின்சாரக் காசு கடைக்காரர் தலையில். இவற்றையெல்லாம் செய்தவர்களுக்குப் பேரும் விலாசமும் இருக்க, கண்ணுக்குத் தெரியாத திருஷ்டியைத் தேடி அலைவது எவ்வளவு பைத்தியக்காரத்தனம்!

இவற்றைவிடப் பெரிய சங்கடம் கொள்முதலில் இருக்கிறது. ஒரே சோப்பு, ஒரே பிஸ்கட். சிறு கடைக்காரருக்கு ஒரு விலை, பெருமுதல் கம்பெனிகளுக்கு அதைவிடக் குறைந்த விலை. சில சமயங்களில் நம் கடைக்காரர் வாங்குகிற விலைக்கும் கீழாக அவன் விற்கிறான். 2012-ல் மத்திய சர்க்கார் சில்லறை வியாபாரத்தில் அந்நிய முதலுக்கு நூற்றுக்கு 51 பங்கு இடம் கொடுத்தபோது, தமிழ்நாட்டில் அது வேண்டாம் என்று தடுத்தோம். வாசல் வழியாக வர முடியாத முதல் கைப்பேசி வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் சாமான் வீட்டுக்கு வருகிறது. நஷ்டத்துக்கு விற்றாவது கடைவீதியைக் காலி செய்யும் வசதி அவர்களுக்கு இருக்கிறது. காலியான பிறகு என்ன விலை வைப்பார்கள் என்பது அப்போதுதான் தெரியும். சனிக்கிழமை கூலி வந்ததும் தருகிறேன் என்று நோட்டில் எழுதிவிட்டு அரிசி வாங்கிப்போகும் தொழிலாளிக்கு எந்தக் கைப்பேசிக் கம்பெனி கடன் கொடுக்கும்? கடை மூடினால் முதலில் பட்டினி கிடப்பது அவன் வீடுதான். ஆகையால் இது கடைக்காரர் விஷயம் மாத்திரமல்ல.

நிற்க, எதனால் பிரயோஜனம் உண்டு என்பதற்கும் கைமேல் உதாரணம் இருக்கிறது. கட்டடக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யாதவரானால், வாடகைக்குரிய 18 சதவீத வரியைப் பதிவு செய்த கடைக்காரரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் விதித்தார்கள். வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். அவ்வருஷம் டிசம்பரில் கூடிய கவுன்சில், காம்பொசிஷன் முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்தது. இது எந்த யாகத்தின் பலன்? எத்தனை பூசணிக்காய் உடைத்ததனால் கிடைத்தது?

பழைய சங்கதி ஒன்றும் சொல்ல வேண்டும். நாடார் வியாபாரிகளைக் கோவிலுக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. 1897-ல் கமுதிக் கோவிலில் நுழைந்ததற்காக அவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். அது பிரிவி கவுன்சில் வரை போய் 1908-ல் அவர்களுக்குத் தோல்வியிலேயே முடிந்தது. ஆனால் அவர்கள் வியாபாரத்தில் இவ்வளவு என்று ஒதுக்கிச் சேர்த்த "மகமை"ப் பணமும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் வீண் போகவில்லை. விருதுபட்டியில் 1889-லேயே பள்ளிக்கூடம் ஏற்பட்டது. திறக்காத கோவில் கதவுக்குச் செலவழித்ததைவிட மகமைக்குக் கொடுத்த காசுதான் அவர்களை உயர்த்திற்று என்றே சொல்லுவோம்.

ஆனால் அந்த மகமை ஒரு ஜாதிக்குள்ளேயே நின்றது. 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார்தான், ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்க அங்கே தீர்மானித்தார்கள். இன்றும் நமது கடைவீதிச் சங்கங்களில் பல ஜாதிப் பெயரில்தான் நடக்கின்றன. ஆதிதிராவிடத் தோழர் ஒருவர் கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைக்க இடம் கேட்டால் வாடகைக்குக் கொடுக்கிற கட்டடக்காரர் எத்தனை பேர்? கொடுத்தாலும் பக்கத்துக் கடைக்காரர் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவாரா? அவரைச் சேர்க்காத சங்கம், பெருமுதலாளி நம்மைச் சேர்க்கவில்லையே என்று அழுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஈரோட்டு மண்டியில் வியாபாரம் பழகிய பெரியாருக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே நாம் சொல்லுவதாவது: ஒரு தெருவில் இருபது கடைகள் இருந்தால் இருபதும், ஜாதி பாராமல், ஒரே சங்கமாய்க் கூடிப் பருப்பும் எண்ணெயும் சோப்பும் மொத்தமாய் வாங்கட்டும். மொத்தமாய் வாங்குகிறவனுக்குக் கொடுக்கும் விலையை எங்களுக்கும் கொடு என்று கம்பெனியிடம் அந்த இருபது பேரும் ஒரே குரலாய்க் கேட்கட்டும். கொடுக்காத கம்பெனியின் சாமானை ஒரு மாதம் அலமாரியில் வைக்காமல் இருந்து பார்க்கட்டும். 2017-ல் மார்ச்சு முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வியாபாரிகள் ஒருமுறை சொல்லிப் பார்த்தவர்கள்தானே!

முதலுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். வருகிற அமாவாசைக்குப் பூசணிக்காய், கற்பூரம், எலுமிச்சம்பழம், ஐயர் தட்சணை, கல்லாப்பெட்டியை வடக்கே திருப்பி வைக்க வாஸ்துக்காரர் கேட்கும் தொகை ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதி, இருபது கடைக்கும் கூட்டிப் பார்க்கட்டும்.