சட்டையில் அணியாத பதக்கம்

மிதிவண்டிப் பந்தயத்தை அறிந்தவர்கள் ஓர் உண்மையைக் கூறுவார்கள். சமவெளியில் ஓடும் வீரனுக்குத் துணை உண்டு. மலையில் ஏறும் வீரனுக்குத் துணை இல்லை. சமவெளியில் விரைந்து செல்பவனுக்குப் பெரும் பகை எதிர்க்காற்றே. முன்னே செல்பவனின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்று அவனைத் தாக்காது. உழைப்பிலே பெரும்பகுதி மிச்சமாகும். ஆனால் சாலை மலைமீது ஏறத் தொடங்கியதும் வேகம் குறைகிறது. காற்றின் தொல்லையும் குறைகிறது. பிறர் முதுகின் மறைவு பெரிதும் பயனற்றுப் போகிறது. அதன்பின் ஒவ்வொருவனும் தன் உடலின் பாரத்தைத் தன் கால்களாலேயே மேலே கொண்டுபோக வேண்டும். ஆகவேதான் மலையேற்றத்தில் வல்ல வீரர்களைத் தனியொரு வகையினராகவே அவ்வுலகம் மதிக்கிறது.

அத்தகைய வீரர்களுள் தலைசிறந்த ஒருவரைப் பற்றி இம்மாதம் நாம் சிந்திக்க விரும்புகிறோம். அவர் பெயர் ஜீனோ பர்த்தாலி. இத்தாலி நாட்டில், பிளாரன்ஸ் மாநகரை அடுத்த போன்ட்டே அ ஏமா என்னும் சிற்றூரில், 1914-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள் பிறந்தவர். தந்தை கூலி வேலை செய்தவர். பையன் இளமையிலேயே மிதிவண்டி பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தான். அந்தக் கடையிலிருந்துதான் அவனது நீண்ட பயணம் தொடங்கியது.

1935-இல் அவர் தொழில்முறை வீரரானார். மறு ஆண்டே, நாடு முழுவதையும் சுற்றிவரும் ‘ஜீரோ தித்தாலியா’ பந்தயத்தில் வாகை சூடினார். 1937-இலும், போருக்குப்பின் 1946-இலும் அதே வெற்றியை மீண்டும் பெற்றார். அப்பந்தயத்தில் மலைகளின் உச்சியை முந்தி அடைபவருக்கென ஒரு தனிப் பரிசு உண்டு. அதை அவர் ஏழு முறை பெற்றார் என்றால், மலைக்கும் அவருக்கும் இருந்த உறவு விளங்கும்.

வெற்றியின் முதல் ஆண்டிலேயே சிலுவையும் வந்து சேர்ந்தது. 1936 ஜூன் மாதத்தில், அவரைப் போலவே பந்தய வீரனாக விரும்பிய தம்பி ஜூலியோ, ஒரு பந்தயத்தின்போது மோட்டார் வண்டியில் மோதி உயிரிழந்தான். பர்த்தாலி உள்ளம் உடைந்து, மிதிவண்டியையே துறந்துவிட எண்ணினார். மீண்டும் ஏறி அமர அவரைத் தூண்டியது புகழாசையன்று. கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கத்தில் சிறு வயது முதலே பற்றுக் கொண்டிருந்த அவர், அத்துயர நாட்களில் செபத்தில் மேலும் ஊன்றினார். கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரசாள்மீது அவர் கொண்ட பக்தி இறுதிவரை நிலைத்தது.

பிரான்ஸ் நாட்டைச் சுற்றிவரும் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயமே மிதிவண்டி உலகின் மாபெரும் சோதனை. 1937-இல் அதில் முன்னணியில் இருந்தபோது, ஆல்ப்ஸ் மலைச்சாலையில் பாலமொன்றிலிருந்து தவறிக் குளிர்ந்த ஓடையில் விழுந்தார். சில நாட்களில் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டே திரும்பி வந்து வென்றார். அது முசோலினியின் காலம். விளையாட்டு வெற்றிகளை அரசுத் தலைவனின் பாதத்தில் வைத்துப் புகழ வேண்டும் என்பது அன்று எழுதாத சட்டம். பர்த்தாலி அப்புகழுரையைப் பாடவில்லை. பாரிஸில் தமக்கு அளித்த மலர்க்கொத்தை வெற்றி அன்னையின் ஆலயத்தில் தேவதாயின் திருமுன் வைத்துவிட்டுத் திரும்பினார்.

இவையெல்லாம் அன்றைய செய்தித்தாள்களுக்குத் தெரிந்த பர்த்தாலி. அவர்கள் அறியாத பர்த்தாலி ஒருவர் இருந்தார்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் இத்தாலியின் வடபகுதியையும் நடுப்பகுதியையும் கைப்பற்றின. யூதர்களை வேட்டையாடத் தொடங்கினர். அப்போது பிளாரன்ஸின் பேராயராயிருந்தவர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. 1938-இல் ஹிட்லர் அந்நகருக்கு வருகை தந்தபோது தமது மாளிகையின் சன்னல்களை மூடி வைத்திருந்தவர் அவர். 1940-இல் பர்த்தாலிக்கும் அட்ரியானாவுக்கும் திருமணத்தை நடத்தி வைத்தவரும் அவரே. யூத குருவான நாத்தான் கசுத்தோ என்பவரோடு இணைந்து, யூதர்களை மடங்களிலும் வீடுகளிலும் மறைத்துக் காக்கும் பணியைக் கர்தினால் மேற்கொண்டிருந்தார். மறைந்திருப்போருக்கு வேறு பெயரில் அடையாளச் சீட்டுகள் தேவைப்பட்டன. அவற்றை ஊர் விட்டு ஊர் கொண்டு செல்ல ஒருவர் வேண்டும். சாலையில் எத்தனை மைல் சென்றாலும் எவரும் ஐயுறாத மனிதர் யார்? பந்தய வீரர் பர்த்தாலிதான். பயிற்சிக்காகப் போகிறேன் என்றால் யார் மறுப்பார்கள்?

அவர் இசைந்தார். சீட்டுகளையும் நிழற்படங்களையும் சுருட்டி மிதிவண்டியின் குழாய்களுக்குள் செருகிக்கொண்டு, தம் பெயர் பொறித்த பந்தயச் சட்டையுடன் புறப்படுவார். வழியில் காவலர் தடுத்தால் பந்தயங்களைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார்; வண்டியைமட்டும் தொடவேண்டாம், நுட்பமாகப் பொருத்தப்பட்டது என்பார் எனக் கூறுவர். அகப்பட்டிருந்தால் சாவு நிச்சயம். அப்போது அவருக்கு இளம் மனைவி, கைக்குழந்தை. இதற்கு மேலும், ஒரு யூதக் குடும்பத்தைப் பிளாரன்ஸில் தாமே ஒளித்து வைத்தார். அவர்கள் உயிர் பிழைத்தனர். 1944-இல் பாசிசக் காவல்படையினர் அவரைப் பிடித்து, சித்திரவதைக்குப் பேர்போன இல்லமொன்றில் வைத்து விசாரித்தனர். இறையருளால் தப்பினார்.

போர் முடிந்தது. அவருக்கு வயது முப்பதைக் கடந்தது. ஒரு வீரனின் வலிமை ஓங்கியிருக்கும் ஆண்டுகளைப் போர் விழுங்கிவிட்டது. 1948-இல் அவர் மீண்டும் ‘தூர் த பிரான்ஸ்’ பந்தயத்துக்குச் சென்றபோது, கிழவர் என்றே ஏளனம் செய்தனர். 21 கட்டங்கள், ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர். ஜூலை 14-ஆம் நாள் ஓய்வு நாள். அன்று பிரெஞ்சு இளைஞர் லூயிஸோன் போபேயைவிடப் பர்த்தாலி 21 நிமிடங்களுக்கு மேல் பின்தங்கியிருந்தார்.

அதே நாள் உரோமையில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் பல்மீரோ தொலியாத்தியை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். நாடு கொந்தளித்தது. வேலைநிறுத்தமும் மோதலும் பரவின. உள்நாட்டுப் போர் மூளுமோ என மக்கள் அஞ்சினர். அன்றிரவு பிரதமர் தெ காஸ்பெரி தொலைபேசியில் பர்த்தாலியை அழைத்து, வெல்ல முடியுமா என்று வினவினாராம்.

மறுநாள் ஆல்ப்ஸ் மலை. குளிர் மழை, சேறு படிந்த சாலை. அல்லோஸ், வார்ஸ், 2,360 மீட்டர் உயரமுள்ள இஸுவார் என மூன்று கணவாய்களைக் கடக்க வேண்டும். அக்காலத்து வண்டியில் கியர் மாற்றுவதே ஒரு வித்தை. ஒரு கையைப் பின்னே நீட்டி, பின்சக்கரத்தருகே உள்ள நெம்புகோலால் சக்கரத்தைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக்கொண்டே இன்னொரு நெம்புகோலால் சங்கிலியை வேறு பற்சக்கரத்துக்கு மாற்ற வேண்டும். பின்னர் மறுபடியும் இறுக்க வேண்டும். இத்தனையும் கை விறைக்கும் குளிரில், மேட்டில் ஏறிக்கொண்டே! பர்த்தாலி அனைவரையும் பின்னே விட்டுத் தனியே ஏறினார். பிரியான்ஸோன் நகரை அவர் அடைந்தபோது, போபேயின் முன்னிலை ஏறத்தாழ ஒரு நிமிடமாகச் சுருங்கியிருந்தது. அடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டையைப் பெற்றார். அதற்கடுத்த கட்டத்தையும் வென்றார். பாரிஸில் முடிந்தபோது இரண்டாம் வீரரைவிட 26 நிமிடங்கள் முந்தியிருந்தார். முதல் வெற்றிக்கும் இரண்டாம் வெற்றிக்கும் இடையே பத்து ஆண்டுகள்! இத்தகைய இடைவெளிக்குப்பின் வேறெவரும் அப்பந்தயத்தை வென்றதில்லை.

அவ்வெற்றியே இத்தாலியை உள்நாட்டுப் போரினின்று காத்தது என்று சொல்வோர் உண்டு. வரலாற்றறிஞர்கள் அதை மிகையென்பர். காயமுற்ற தொலியாத்தியே தம் தோழர்களை அமைதி காக்க வேண்டினார் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஆயினும் அந்நாட்களில், பகைத்து நின்ற இரு சாராரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒன்றாய்க் கூடி மகிழ்ந்தனர் என்பதும் உண்மையே.

அன்பு வாசகர்களே, பர்த்தாலியைக் குறையற்ற புனிதராக நாம் காட்ட விரும்பவில்லை. அவர் புகைபிடிப்பார், ஓயாமல் முணுமுணுப்பார், எல்லாமே தவறாகிவிட்டது, எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும் என்பது அவருடைய வழக்கமான பல்லவி. தம்மினும் இளையவரான பௌஸ்தோ கோப்பியிடம் அவர் கொண்ட போட்டி நாட்டையே இரு கட்சியாக்கியது. அதே 1948-இல் உலகப் போட்டியில், ஒருவர் வென்றுவிடக் கூடாதென்று மற்றவர் காத்துக்கொண்டு, இருவருமே பந்தயத்தைக் கைவிட்டனர். அதற்காக இருவருக்கும் தண்டனையும் கிடைத்தது. பகைவன் கண்ணில் மண்ணைத் தூவி முன்பின் அறியாதோரைக் காத்தவருக்கு, சக வீரனின் வெற்றியைப் பொறுக்க முடியவில்லை. மனித உள்ளம் அத்தகையது.

ஆயினும் 1952-இல் காலிபியே மலையில் எடுத்த நிழற்படம் ஒன்று உலகப்புகழ் பெற்றது. ஏற்றத்தில் களைத்த நிலையில் கோப்பியும் பர்த்தாலியும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கை மாற்றிக்கொள்ளும் காட்சி அது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இத்தாலியர் பல்லாண்டுகளாக வாதிட்டு வந்துள்ளனர். தாகம் தீர்ந்தது என்பதில்மட்டும் ஐயமில்லை.

பர்த்தாலி 1954-இல் பந்தயங்களினின்று ஓய்வு பெற்றார்; 2000-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். போர்க்காலத்தில் தாம் செய்ததை அவர் மேடைகளில் பேசவில்லை. தம் மகன் அந்திரேயாவுக்குச் சிறிது சிறிதாகக் கூறியபோதும், பிறரிடம் சொல்லலாகாது என்று கட்டளையிட்டார். நன்மை செய்வதற்குரியது, சொல்வதற்குரியதன்று. சில பதக்கங்கள் ஆன்மாவில் அணிவதற்கே, சட்டையில் அணிவதற்கல்ல என்பது அவர் மகனுக்கு உணர்த்திய பாடம். தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியமே பின்னர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. எருசலேமிலுள்ள யாத் வஷேம் நினைவகம் 2012-இல் கர்தினால் தல்லா கோஸ்தாவையும், 2013-இல் பர்த்தாலியையும் ‘உலக நாடுகளின் நீதிமான்கள்’ வரிசையில் சேர்த்தது. அப்போது பர்த்தாலி மறைந்து 13 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தம் வெற்றிகளை மறைக்க அவரால் இயலவில்லை. அவை செய்தித்தாள்களில் வந்தன. 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரே கத்தோலிக்க ஆடவர்க்கு ஆற்றிய உரையில் அவரை எடுத்துக்காட்டாகக் கூறினார். மறைக்கக் கூடியதாயிருந்த அறத்தை அவர் மறைத்தார்.

மலைப்பொழிவிலே நம் ஆண்டவர், பிறர் காணும்படி அறம் செய்வோரைக் கண்டித்தார். அதே பொழிவில், நம் ஒளி மனிதர்முன் ஒளிர வேண்டும் என்றும் கற்பித்தார். இவை ஒன்றுக்கொன்று முரணாகுமோ எனச் சிலர் மயங்குவர். விளக்கு ஒளிர்கிறது, ஆனால் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. அதன் ஒளியில் நடந்தவர்கள் பேசுகிறார்கள். பர்த்தாலியின் கதையை இன்று நாம் சொல்வதும் அவ்வாறே.

நம்மை நாமே சற்று நோக்குவோம். ஆலயத்துக்கு ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தால், அதன் இறக்கையில் நம் குடும்பப் பெயர் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறோம். திருவிழா அறிக்கையில் நம் நன்கொடை விடுபட்டுவிட்டால் பங்குத்தந்தையிடம் மனத்தாங்கல் கொள்கிறோம். உறவினருக்கு உதவிய பணத்தை ஒவ்வொரு சச்சரவிலும் நினைவூட்டுகிறோம். ஒருவரை வாழ வைத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் அவர் நம்முன் தலைகுனிந்து நிற்க வேண்டுமென எதிர்பார்ப்பது எத்தகைய உதவி? நாம் கொடுத்ததை நாமே திரும்ப வாங்கிக்கொள்வதன்றோ அது?

இத்தாலியின் வடக்கே கிசால்லோ என்னும் குன்றின்மேல் தேவதாயின் சிற்றாலயம் ஒன்று உண்டு. அவ்வன்னையை மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக 1949-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். வீரர்களின் பழைய வண்டிகள் அங்கே காணிக்கையாக வைக்கப்பட்டுள்ளன; பர்த்தாலியின் வண்டியும் அவற்றுள் உண்டு. காண வருவோர் அதன் சக்கரங்களை நோக்குவர், சங்கிலியை நோக்குவர். ஆனால் போர்க்காலத்து அந்தப் பயணங்களில் பிறர் உயிரைச் சுமந்தது வெளியே தெரியாத குழாயின் உட்புறமே.

இம்மாதம் நம் குடும்பங்களில் ஒரு சிறு முயற்சி செய்வோமாக. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு நன்மையைச் செய்து, அதை வீட்டாரிடமும் சொல்லாதிருப்போமாக. இரவுச் செபத்தின்போது இறைவனிடம்மட்டும் அதை ஒப்புவிப்போமாக. சொல்ல நா துடிக்கும். அதை அடக்குவது ஏற்றமான பாதைதான். ஆயினும் மறைவில் காண்கின்ற தந்தை அப்பாதையில் நம்மோடு இருக்கிறார்.