குழந்தைக்குக் கட்டும் சரக்கு என்ன?

காக்களூர் தொழிற்பேட்டையை ஒட்டிய பெட்டிக்கடைகளிலும் இன்று டயாப்பர் பாக்கெட் தொங்குகிறது. மேலே சிரிக்கும் குழந்தையின் படம். உள்ளே இருப்பது என்ன? கூலிக் காசில் வாங்கும் தாய்க்கு அதை அறியும் உரிமை உண்டு. பிரித்துப் பார்ப்போம்.

குழந்தையின் தோலில் படும் மேல்விரிப்பு பருத்தி அல்ல, பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன். உரச்சாக்கு நெய்வதும் இதே பிளாஸ்டிக்கில்தான். இங்கே அதை மெல்லிய இழையாக்கி, நெய்யாமல் சூட்டில் ஒட்டுகிறார்கள். நடுவில் மரக்கூழ். அதோடு உப்பைப் போன்ற வெள்ளைத் தூள். பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். சுத்தமான தண்ணீரைத் தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சும். மூத்திரத்தில் உப்பு இருப்பதால் சுமார் 30 முதல் 50 மடங்குதான். அடியில் பாலிஎத்திலீன் தாள். காக்களூர் ஆவின் பண்ணையில் பால் அடைக்கும் உறையின் இனம். ஓரத்தில் இழுபடும் இழையும் பசையும். மரக்கூழ் நீங்கலாக மற்றவை அநேகமாகப் பெட்ரோலியத்தில் பிறந்தவை. மண்ணில் மக்காது; எரித்தால் நச்சுப்புகை.

இது விஷம் என்று பீதி கிளப்புவது நம் வேலையல்ல. நமது கேள்வி வேறு: லாபம் கம்பெனிக்கு, குப்பை யாருக்கு? மறுசுழற்சிக்கு ஆகும் பொருளில் செய்யப் பாருங்கள், இல்லையேல் ஒவ்வொன்றையும் சுற்றிப்போட உறை கொடுங்கள் என்று 2016-ல் மத்திய சர்க்காரின் திடக்கழிவு விதிகள் கூறின. நீங்கள் வாங்கிய பாக்கெட்டில் அந்த உறை இருந்ததா? இல்லையென்றால், அந்த மலத்தைக் கையால் தொட்டுப் பிரிப்பவர் துப்புரவுத் தொழிலாளி, நம் வர்க்கத்தின் சகோதரி.

பழந்துணி கட்டித் துவைக்கலாமே என்று தாய்க்கு உபதேசிப்போர் உண்டு. ஷிப்டுக்கு ஓடும் பெண்ணுக்கும் நாற்று நடப் போகும் பெண்ணுக்கும் நேரம் எங்கே? குழாயில் தண்ணீர் எங்கே? 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. காண்டிராக்டர் பெயரில் ஆட்களைப் பிரித்துக் காட்டி முதலாளி தப்ப விடக்கூடாது.

பாக்கெட்டின் மேல் உள்ளிருக்கும் சரக்கைத் தமிழில் அச்சிடு! உறை கொடு! ஆலையிலும் கிராமத்திலும் கைக்குழந்தைக்குக் காப்பகம் திற! அடுத்த சங்கக் கூட்டத்தில் பெண் தொழிலாளர்கள் இவற்றை எழுப்பட்டும். இது பெண்கள் விஷயம் என்று ஆண் தோழர்கள் ஒதுங்க வேண்டாம். குழந்தை இருவருக்கும் சொந்தம், கோரிக்கையும் அப்படியே.