80,000 ரூபாய் கேமரா இஎம்ஐ-ல வேணுமா?

கருக்களாச்சேரியில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். மீன் ஏலம், வலை பின்றது, கடலுக்குப் போறதுன்னு வீடியோ போடப் போறாராம். 80,000 ரூபாய்க்கு ஒரு கேமரா பார்த்து வச்சிருக்கார். "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்குண்ணா, டாக்ஸ்லயும் கழிச்சுக்கலாம்னு சொல்றாங்க, வாங்கலாமா?" நீங்களும் இதே யோசனையில இருந்தா, என் பதில்: இப்போ வேண்டாம்.

முதல்ல அந்த டாக்ஸ் கதை. கேமரா ஒரு சொத்து. முழு விலையையும் ஒரே வருஷத்துல செலவுன்னு எழுத முடியாது. வருஷத்துக்கு 15% தேய்மானம்தான். அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தியிருந்தா அதுலயும் பாதி, 7.5%. நவம்பர்ல வாங்கினா முதல் வருஷம் கழியுறது வெறும் 6,000 ரூபாய். அதுவும் வருமானத்துல கழியும், வரியில இல்லை. வரியே கட்டாதவருக்கு இதுல கைக்கு என்ன வரும்?

அடுத்து நோ காஸ்ட். வட்டி எங்கேயும் போகலை. பில்லுல தள்ளுபடின்னு காட்டி, பேங்க் ஸ்டேட்மென்ட்ல வட்டின்னு எடுத்துப்பாங்க. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, பெரும்பாலும் பிராசசிங் ஃபீஸும் உண்டு. அதையெல்லாம் விட்டாலே 12 மாசத்துக்கு, மாசம் 6,667 ரூபாய். ஆனா யூடியூப்ல நீள வீடியோ போடுறவருக்கு விளம்பரப் பங்கு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபர், 12 மாசத்துல 4,000 மணி நேரப் பார்வை வேணும். அப்புறமும் 100 டாலர் சேர்ந்தாதான் பணம் பேங்குக்கு வரும். நடுவுல ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அப்பா விசைப்படகுல போறவர்னா வீட்டு வருமானமே நிக்கும். இஎம்ஐ நிக்காது.

மூக்கையூர் 'உங்கள் மீனவன்' சேனலை நீங்க பார்த்திருப்பீங்க. ஜனங்க அங்க போறது கடலையும் மீனையும் பார்க்க, லென்ஸைப் பார்க்க இல்லை. கையில இருக்கிற போன் போதும். கடற்கரையில வீடியோவைக் கெடுக்கிறது காத்துச் சத்தம்தான். அதனால முதல் செலவு சட்டையில மாட்டுற வயர்லெஸ் மைக், அதுக்கு மேல போடுற ஃபர் கவர். 3,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். உப்புக்காத்துல, மணல்ல நின்னு லென்ஸ் மாத்துற பொழப்பும் இல்லை. (உப்புத்தண்ணி பட்டுப் போன கேமராவுக்கு வாரண்டி பொதுவா செல்லாது. கடையில இதைச் சொல்ல மாட்டாங்க.)

இஎம்ஐ கட்ட வச்சிருந்த பணத்துல முடிஞ்சதை ஆர்டி-ல போடுங்க. வாரம் ரெண்டு வீடியோன்னு ஆறு மாசம் விடாம போட்டுட்டீங்கன்னா, அப்போ பழைய கேமரா ஒண்ணு தேடலாம். ஷட்டர் கவுன்ட் கம்மின்னு காட்டினா உடனே நம்பிடாதீங்க. வீடியோ ஓடின மணி நேரம் அதுல தெரியாது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் கல்யாண மண்டபத்துல ஓடின கேமராவா இருக்கும். காசை பேங்க் வழியா அனுப்புங்க, விக்கிறவர்கிட்ட கையெழுத்துப் போட்ட ரசீதும் வாங்கிக்குங்க. அது இல்லாம என்னால தேய்மானம் எழுத முடியாது.